அழித்த புள்ளி

ஒரு வரைதாளில் பென்சிலால் வைத்திருந்த புள்ளியை நான் அழித்தேன். அது சரியான புள்ளி என்று தெரிந்தே அழித்தேன். வைத்தவர் என் ஆய்வு உதவியாளர்.

நாங்கள் இருவரும் சுங்கை சிப்புட் என்ற ஊர்ப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். அவருடைய அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்தார். என் அப்பா தோட்டத்துக் கிராணி. பால் நிறுக்கும் கொட்டகையில் நின்று எடை எழுதுபவர். வாளி தராசில் ஏறியதும், தண்ணி கலந்திருக்கு என்று சொல்லி எடையில் கொஞ்சம் கழித்துத்தான் எழுதுவார். கலந்திருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படி ஒரு வழக்கம். பல்கலைக்கழகத்தில் எல்லாரும் என்னை டாக்டர் என்பார்கள். அவர் மட்டும் அண்ணே என்பார்.

எங்கள் வேலையும் ஒருவகையில் நிறுப்பதுதான். நீள்வட்ட விண்மீன் மண்டலத்தின் நடுவே இருக்கும் மாபெரும் கருந்துளை கண்ணுக்குத் தெரியாது. அதன் அருகே நட்சத்திரங்கள் எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன என்று பார்த்து அதன் நிறையைக் கணக்கிட வேண்டும். அப்படி ஒரு மண்டலத்துக்கு நான் முன்பே ஒரு நிறையைச் சொல்லி, நல்ல பெயரும் வாங்கியிருந்தேன். அதில் ஒரு குறையை அவர் கண்டுபிடித்தார். வெளிப்புறத்தில் பரவிக் கிடக்கும் இருண்ட பொருளின் நிறையையும் நான் நட்சத்திரங்களின் தலையிலேயே ஏற்றியிருந்தேன். அதைப் பிரித்துவிட்டால் நடுவில் நட்சத்திரங்களின் பங்கு குறையும். மிச்சம் கருந்துளையைச் சேரும். நிறை இரண்டு மடங்கானது. வரைதாளில் என் நிறையைக் காட்டும் கோட்டுக்கு மேலே தன் புள்ளியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஒங்க அப்பா மாதிரி கழிச்சிறாதீங்க லா, அண்ணே."

அன்று மாலை தனியாகக் கணினி முன் உட்கார்ந்து நானே கணக்கிட்டு, விடையை அச்சிடக் கொடுத்தேன். அதே இரண்டு மடங்கு. மறுநாள் அவரிடம், உன் கணக்கு பிசகிவிட்டது, கட்டுரையில் சேர்க்க முடியாது என்றேன். அவர் கண்ணெதிரிலேயே புள்ளியை அழித்தேன். அவர் வாதாடவில்லை. அந்த மாதமே வேலையை விட்டுப் போனார்.

பல ஆண்டுகள் கழித்து, நான் ஓய்வுபெற்ற பிறகு, வேறு நாட்டு ஆய்வாளர்கள் அதே மண்டலத்துக்கு அவருடைய விடையையே சொன்னார்கள். ஆய்விதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். அதில் அவர் பெயரைச் சேர்க்க அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. கடிதத்தோடு பழைய வரைதாளையும் எடுத்துக்கொண்டு குனோங் ராபாட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு டயர் கடை அலுவலகத்தில் வேலை செய்வதாகச் சொன்னார். கடிதத்தில், அவருடைய விடை 'கவனப் பிசகால் விடுபட்டது' என்று நான் எழுதியிருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"ஒங்களுக்கும் ரெண்டு மடங்குதானே வந்துச்சு, டாக்டர்? தாளு பிரிண்டர்லயே கெடந்துச்சு. காலையில நாந்தான் எடுத்து ஒங்க மேசையில வெச்சேன்."

அந்தத் தாள் மேசைக்கு எப்படி வந்தது என்று இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை. எல்லாம் தெரிந்துதான் அன்று என் ரப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"தெரிஞ்சே அழிச்சேன்னு எழுதுங்க. அப்பறம் கையெழுத்துப் போடுறேன்."

அவர் வீட்டு மேசையிலேயே எழுதிக் கொடுத்தேன். கையெழுத்திட்டார். பிறகு வரைதாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பென்சில் அழுந்திய சிறு பள்ளம் இன்னும் இருந்தது. அதன்மேல் பேனாவால் புள்ளி வைத்து, தாளைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

கடிதம் வெளிவந்தது. பழைய சகாக்கள் என்னை அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பிரதியை அவருக்கு அனுப்பினேன். கிடைத்தது, நன்றி டாக்டர் என்று பதில் வந்தது.