உரிக்காத முட்டை

மனநல மருத்துவமனையில் உணவு ஆலோசகர் என்றால், "சும்மா இட்லி தோசை எழுதிக் குடுக்கிற வேலைதானே?" என்று தேனியில் கேட்காதவர் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கலோரிக் கணக்கைக் காலேஜில் சொல்லித்தந்தார்கள். சோற்றில் விஷம் இருக்கிறது என்று நம்புகிறவருக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அனுமந்தன்பட்டியிலிருந்து வார்டுக்கு வந்த ஒரு பெரியம்மா அப்படித்தான் நம்பினார். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் யார் சோறு போட்டாலும் பூச்சிமருந்து கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளியிருக்கிறார். இப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் வார்டில் ஒரு வழி வைத்திருந்தோம். எதையும் உரிக்காமல் கொடுப்பது. தோலோடு வாழைப்பழம், ஓட்டோடு அவித்த முட்டை, வேர்க்கடலை. அவரே உரிப்பார், அவரே தின்பார். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை தாக்குப்பிடிக்க அது போதும்.

ஒரு நாள் சமையலறைக்குப் புதிதாக வந்த அக்கா, பாவம் பெரியம்மாவுக்குக் கை நடுங்குகிறதே என்று முட்டையை உரித்து வைத்துவிட்டார். போச்சு! அதோடு பெரியம்மா வாழைப்பழத்தைக்கூடத் தொடவில்லை. அந்த அக்காவிடம் கத்தித் தீர்த்தேன். கத்தி என்ன செய்ய? மறுநாளும் அப்படியே போனது. அதற்கடுத்த காலையில் டாக்டர், "மதியத்துக்குள்ள சாப்பிடலன்னா மூக்குல குழாய்தான்" என்று சொல்லிவிட்டார். முன்பு வேறோர் இடத்தில் நாலு பேர் அமுக்கிப் பிடித்து அவருக்குக் குழாய் போட்டிருந்தார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுவார்.

தொடமாட்டார் என்று தெரிந்தும் இரண்டு இட்லியும், கூடவே ஓட்டோடு ஒரு முட்டையும் எடுத்துக்கொண்டு அவர் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"அவிச்ச தண்ணியில கலந்திருந்தா?" என்றார். "நீ தின்னு காட்டு தாயி."

போடியில் எங்கள் வீடு சுத்த சைவம். பாதி வார்டுக்கு முட்டை எழுதுகிறவள் நான், என் நாக்கில் அது பட்டதே இல்லை. உரித்துக் கடித்தேன். வாடையில் குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணெல்லாம் தண்ணீர். தொலைந்தது, விஷமென்றே முடிவு கட்டப்போகிறார் என்று பயந்து அடக்கி முழுங்கினேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "ஏன் தாயி இப்பிடி முழிக்கிற?"

"எங்க வீட்டுல முட்ட சேக்க மாட்டோம் பெரியம்மா. இன்னைக்குத்தான் மொத தடவ."

"அடி ஆத்தி! பெறகு எதுக்குடி தின்ன?"

"நீங்க சாப்பிடணும்ல! இல்லாட்டி குழாய் போடணுங்கிறாக." கோபமும் அழுகையும் சேர்ந்துதான் வந்தது எனக்கு.

அவர் சட்டென்று தட்டை இழுத்து இட்லியை விண்டார். "இந்தா, இதத் தின்னு. வெறும் வயித்துல இன்னும் பெரட்டும்" என்று என் வாயருகே நீட்டினார். தின்றேன்.

மீதி இட்லி அவர் கையிலேயே இருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"உப்புப் போட்டிருக்காகளா?"

"கம்மிதான் பெரியம்மா."

"பாப்போம்" என்று வாயில் போட்டுக்கொண்டார்.