அத்தை சுற்றிய கண்டென்சர்

எங்கள் அப்பா காரைக்குடியில் நகை வேலை செய்தவர். மூக்குத்திக்கும் தோட்டுக்கும் கல் பதித்துக்கொண்டிருந்த அவருடைய பட்டறைக்கு ஒரு மோட்டார் காரின் உறுப்பு வந்து சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. கொண்டுவந்தவர் வலையபட்டிச் செட்டியார் வீட்டு டிரைவர். கட்டைவிரல் பருமனில் ஒரு தகரக் குப்பி. பெயர் கண்டென்சர். அது பழுதானால் என்ஜினில் நெருப்புப்பொறி வலுவிழந்துவிடும், வண்டி நகராது என்றார். புதியது கப்பலில் வர மூன்று மாதம் ஆகுமாம். செட்டியாரோ ரங்கூனிலிருந்து அடுத்த வாரமே வருகிறார். வண்டியைக் கெடுத்தவன் என்ற பேரோடு வேலையும் போய்விடும் என்றார்.

அப்பா குப்பியைப் பிரித்தார். உள்ளே ஈயத்தாளும் மெழுகுத்தாளும் மாறி மாறி அடுக்கிப் பாய் போலச் சுருட்டப்பட்டிருந்தன. தகடு தட்டுவதுதான் அவருக்குக் கைவந்த வேலையாயிற்றே. செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

டிரைவர் பாட்டரியையும், பொறியை எழுப்பும் கம்பிச்சுருளான காயிலையும் முற்றத்தில் ஒரு பலகையில் பூட்டினார். அப்பா செய்த முதல் கண்டென்சரை அதில் மாட்டியதும் பொறி நீலமாகச் சடசடத்தது. நான் கைதட்டி முடிப்பதற்குள் மெழுகு கருகும் நாற்றம் வந்தது. இரண்டாவதும் அப்படியே புகைந்தது. மூக்குத்தி செய்கிறவருக்கு மோட்டார் எதற்கு என்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது.

அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். பட்டறையில் உமி அடுப்பைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. மூன்றாம் நாள் காலையில் ஈயத்தாளுக்கு இடையே வைக்கும் தாள் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

“அண்ணே, இதுல ஊசிக்கண் மாதிரி ஓட்டை இருக்கு. பொறி இது வழியாத்தான் பாயுது. ரெண்டு ரெண்டு தாளா வச்சா, ஓட்டைக்கு நேரா ஓட்டை வராதுல்ல?”

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, தானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஆனால் வேலையை அவளிடமே விட்டுவிட்டார். அத்தை தாளை அடுப்பருகில் ஈரம் போகக் காயவைத்தாள். காய்ச்சிய தேன்மெழுகில் குமிழி அடங்கும்வரை ஊறவிட்டாள். இரண்டிரண்டு தாளாக வைத்து இறுக்கிச் சுற்றினாள்.

டிரைவர் உச்சிவேளைவரை சோதித்தார். நீலப்பொறி மங்கவேயில்லை.

“பத்தரே, செயிச்சிட்டீக,” என்றார்.

“என்னைய ஏன் சொல்றீக? சுத்துனது அவ,” என்றார் அப்பா.

வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்தால்தான் முடிவு தெரியும். டிரைவர் செட்டியார் வீட்டு ஆச்சியிடம் அனுமதி வாங்கி வந்து எங்களையும் ஏற்றிக்கொண்டார். நேமத்தான்பட்டிப் பக்கம் போகலாம் என்றாள் அத்தை. அங்கே ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தச் சொன்னாள்.

“சூடேறுன பெறகும் கிளம்புதான்னு பாக்கணும், தம்பி.”

டிரைவர் என்ஜினை அணைத்தார். இறங்கிப் போய் முன்னால் கைப்பிடியைச் சுற்றினார். ஒரே சுற்றில் கிளம்பியது. இன்னொரு தரம் என்றாள் அத்தை. மறுபடியும் கிளம்பியது. மூன்றாம் தரமும் அப்படியே. தெருவே கூடிவிட்டது. அந்த வீட்டு வாசலுக்கு வந்த கிழவி ஒருத்தி அத்தையைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செட்டியாரை அந்த வண்டிதான் அழைத்து வந்தது. டிரைவரின் வேலையும் நிலைத்தது.

பிள்ளை பெறாதவள், எதற்கும் ஆகாதவள் என்று சொல்லி அத்தையைத் திருப்பி அனுப்பிய வீடு அது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. மூன்று தரம் சோதிப்பது மோட்டார் தொழிலின் முறை போலும் என்றுதான் அன்று நினைத்தேன். நான்காவது தரமும் கிளப்பச் சொல்லுமாறு அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“போதும்டி,” என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.