மேலப் பக்கம் எந்தப் பக்கம்

கேமரா டிரைவர் எழுதுகிறவர் நிம்மதியாக இருக்கிறார் என்றால், அவர் எழுதியதை இன்னும் யாரும் மாட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நான் போடியில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு இந்த வேலையைச் செய்கிறேன். கம்பெனி தயாரிப்பது ஒரு பெட்டி. அதில் இரண்டு கேமரா, ஒரு ஒலிபெருக்கி. ஏலக்காட்டுக்குள் யானை வந்தால் கேமரா பார்த்துவிடும்; எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒலிபெருக்கி சொல்லும்; ஆட்கள் எதிர்ப்பக்கமாக விலகிப் போய்விடலாம். முதல் பெட்டியைப் போடிமெட்டுக்கு அந்தப் புறம் ஓர் எஸ்டேட்டில் மாட்டியிருக்கிறார்கள். அதே எஸ்டேட்டுக்குத்தான் என் அக்கா தனம் ஜீப்பில் காய் எடுக்கப் போகிறாள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் நிலைமை இதற்குள் புரிந்திருக்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

என்ன வண்டி?

டிரைவர் என்றால் போடியில் ஒரே அர்த்தம்தான். அக்காவை ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டுபவர் பாண்டி அண்ணன். நானும் டிரைவர் வேலைதான் பார்க்கிறேன் என்று கேள்விப்பட்டு, என்ன வண்டி என்று கேட்டார். விளக்கினேன். பெட்டிக்குள் கர்னல் என்று ஒரு தலைமை புரோகிராம் இருக்கிறது. எது எங்கே இணைந்திருக்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சாமானுக்கும் நோடு என்று ஒரு விவரம் எழுதி வைக்கிறோம். கேமராவின் நோடில் ‘என் கம்பி இந்த வாசலுக்குப் போகிறது’ என்று இருக்கும். கம்பி வந்து சேர்கிற அந்த வாசலின் நோடில் ‘எனக்கு இந்தக் கேமராவிலிருந்து வருகிறது’ என்று இருக்கும். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போய் சரியான ஆளைக் கண்டுபிடிப்பதுதான் டிரைவர் என்று நான் எழுதுகிற சின்னப் புரோகிராமின் வேலை. ஒரு பக்கம் தப்பாக இருந்தாலும் போச்சு. யானை முன்னால் வந்து நின்றாலும் பெட்டி வாயைத் திறக்காது.

பாண்டி அண்ணன் டயரைத் தட்டிப் பார்த்தபடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: “ஆளத் தேடிப் போகணும், வழி தப்பக் கூடாது. நம்ம சோலிதான் ஆத்தா, ஒனக்கு டீசல் மட்டும் மிச்சம்.”

இல்லை, இன்னும் வரவில்லை

மழைக்காலத்தில் மலையில் கரண்டு போய்ப் போய் வரும். ஒவ்வொரு தடவையும் பெட்டி புதிதாக எழுந்து எல்லா நோடுகளையும் மறுபடி தேட வேண்டும். சில நேரம் என் கேமரா டிரைவர் முந்திக்கொண்டு எழுந்துவிடும். அது தேடிப் போகிற ஆள் இன்னும் எழுந்திருக்காது. ஒரு நாள் அப்படித்தான் என் டிரைவர் ‘அப்படி யாரும் இல்லை’ என்று முடிவு கட்டிவிட்டுப் படுத்துவிட்டது. எஸ்டேட் சூப்பர்வைசர் ஜோஸ் சேட்டன் சாயந்திரமாகக் கூப்பிட்டு, ஒரு கேமராவில் படமே வரவில்லை என்றார்.

அன்றைக்குப் பார்த்து அக்காவின் ஜீப்பும் வரவில்லை. மலை ரோட்டில் மரம் விழுந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அக்காவின் போனும் கிடைக்கவில்லை. ஒரு காதில் அவள் நம்பரை வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் பெங்களூரில் இருக்கும் எங்கள் குழுத் தலைவர் ரகுவோடு பேசிக்கொண்டிருந்தேன். அக்கா வராத விஷயம் அவருக்குத் தெரியாது. நான் எழுதிய வரிகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “அவசரப்பட்டு இல்லைன்னு சொல்லிடாதீங்க. இன்னும் வரலைன்னு சொல்லிட்டு, மறுபடி மறுபடி கேளுங்க.”

தூக்குவாளி

அன்றைக்கு அக்கா தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தாள். கேமராவும் சரியாயிற்று. அடுத்த கவலை வர வேண்டுமல்லவா, வந்தது.

ஒரு நோடைக் கையில் வாங்கினால் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று கர்னல் எண்ணிக்கொண்டே இருக்கும். கொடுக்க மறந்தால் தப்பு. இரண்டு தரம் கொடுத்தால் அதைவிடத் தப்பு. நோடுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகிற ஒரு சுற்று உண்டு. அடுத்ததற்கு நகரும்போது பழையதை அதுவே கொடுத்துவிடும். கொடுத்ததோ இல்லையோ என்ற பயத்தில் நானும் ஒரு தரம் கொடுத்து வைத்தேன். மேஜையில் இருந்த சோதனைப் பெட்டி கூப்பாடு போட்டுவிட்டு நின்றுவிட்டது. இதே பெட்டி மலையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் மூஞ்சி இப்படி இருக்கிறது என்று அக்கா கேட்டாள். சொன்னேன். அவள் அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்: “எதுத்த வீட்டுத் தூக்குவாளிய நேத்தே நான் குடுத்துட்டேன், இன்னைக்கு நீயும் குடுத்திருக்க. நம்ம வாளியும் இப்ப அவுக வீட்லதான் இருக்கு, வெரசா போயி கொண்டா.”

இரண்டு மேல

இரண்டு கேமராவும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் நோடுகளுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. எஸ்டேட் வரைபடத்தைப் பார்த்து, மேற்கே இருப்பதற்கு ‘மேலப் பக்கம்’, கிழக்கே இருப்பதற்கு ‘கீழப் பக்கம்’ என்று வைத்தேன். போடியில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். எங்களுக்கு மலை இருப்பதும் மேற்கேதான். மேல என்றால் மேற்கா, மேடா என்று யோசிக்கிற அவசியமே வந்ததில்லை. ஜோஸ் சேட்டன் படத்தில் உள்ளபடியே மாட்டினார். குறிப்புகள் இரண்டு பக்கமும் பொருந்தின. இரண்டு படமும் வந்தன. இரண்டிலும் ஏலச்செடிதான் தெரிந்தது. ஒலிபெருக்கிக்கு வேறு ஆள் கிடைக்காததால் நானே பேசிப் பதிவு செய்தேன்: ‘மேலப் பக்கம் ஆனை, மேலப் பக்கம் ஆனை.’

ஒரு நாள் வேலை முடிகிற நேரத்தில் அக்கா எஸ்டேட்டிலிருந்து கூப்பிட்டாள். வீட்டுக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே, பள்ளத்துப் பக்கமிருந்து வெயில் மூஞ்சியில் அடிக்கிறது, கண் கூசுகிறது என்றாள். லைன் போய்விட்டது. எஸ்டேட் வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சாயந்திர வெயில் பள்ளத்துப் பக்கமிருந்து அடிக்கிறது என்றால், அங்கே மேற்கே இருப்பது பள்ளம். மெட்டைத் தாண்டினால் மலை மேற்கே பார்த்து இறங்குகிறது. பள்ளத்தில் யானை வந்தால் என் குரல் ‘மேலப் பக்கம்’ என்று சொல்லும். கேட்கிறவர்கள் மேட்டில் நிற்கிறது என்று நினைத்துப் பள்ளத்துக்குள் ஓடுவார்கள்.

ஜோஸ் சேட்டனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுத்தபோது பின்னால் ஒரே கூச்சல். “மோளே, பெட்டி பேசுது” என்றார். அந்தக் கூச்சலுக்கு நடுவே என் குரல் எனக்கே கேட்டது. மேலப் பக்கம் ஆனை. யாரையும் பள்ளத்துக்குள் இறக்காதீர்கள் என்று கத்தினேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை, லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து போன் வருகிற வரைக்கும் நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, பாதி சிரிப்பும் பாதி நடுக்கமுமாகச் சொன்னாள்: “இங்கனயே லயத்து வீட்ல இருக்குற ஆளுக மேலன்னா மேடுங்குறாக, ஜீப்புல வர்ற நாங்க மேலன்னா மேக்கங்குறோம். எந்த மேலன்னு சண்ட போட்டு முடிக்குறதுக்குள்ள ஆனை பள்ளத்தோட போயிருச்சு புள்ள.”

மாற்றம் எதுவும் இல்லை

மேல, கீழ இரண்டையும் அன்றே தூக்கினேன். அங்கே வேலை செய்கிற எல்லாரும் எப்படிச் சொல்கிறார்கள் என்று ஜோஸ் சேட்டனிடம் கேட்டு, ‘பள்ளத்துப் பக்கம்’, மேட்டில் இருப்பதற்கு ‘பாறைப் பக்கம்’ என்று நோடுகளுக்குப் பெயர் மாற்றினேன். புதிதாகப் பேசியும் அனுப்பினேன். குரல் நடுங்கியதால் பல தடவை பேச வேண்டியிருந்தது. ரகு பார்த்துவிட்டு, கர்னல் ரெண்டு கேமராவையும் முன்னேயே சரியாத்தானே கண்டுபிடிச்சது என்று கேட்டார். உண்மைதான். கர்னல் பக்கம் ஒரு தப்பும் இல்லை, பெயர் மாறியதில் அதற்கு ஒரு மாற்றமும் இல்லை.

அக்காவிடம், இந்த வாரம் மலைக்குப் போக வேண்டாம் என்று கெஞ்சினேன். என் சம்பளத்தில் வீடு நடக்கிறது, வீட்டில் இரு என்றேன். அவள் மறுநாளைக்குச் சோற்றைத் தூக்குச் சட்டியில் அமுக்கி வைத்துக்கொண்டே சொன்னாள்: “நான் போகலன்னா மட்டும் ஆனை வராதாக்கும்? மத்தவளுக போகத்தான செய்றாளுக, நீ பெட்டிய ஒழுங்கா பேச வையி.”

எந்த நோடு எங்கே இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிற நான், அக்கா எங்கே இருக்கிறாள் என்பதை மட்டும் சாயந்திரம் வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.