ஸ்காட்லாந்து போர்பன்

விஸ்கி பாட்டில் கைக்கு வந்தால் முதலில் லேபிளைப் படிப்பீர்களா, மூடியைத் திருகுவீர்களா? எங்கள் ஆட்கள் இன்று காலை மூடியைத் திருகிவிட்டார்கள்.

மணலூர்பேட்டையில் சித்தப்பா மகளுக்குக் காதுகுத்து. சமையல் பந்தலுக்குப் பின்னால் ஆண்கள் கூட்டம், நடுவில் சித்தப்பா வாங்கி வைத்த பாட்டில். தாய்மாமன் முதலில் குடிக்காமல் வேறு எவனும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு முறை. தாய்மாமன், அதாவது சித்தியின் தம்பி, சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறார். நான் போனபோது ஒரு கிளாஸை முடித்திருந்தார்.

"ஃபாரின் சரக்கு மாப்ள. மோந்து பாரு, பாகு வாசனை துளி இல்ல."

நம்மூரில் விஸ்கி என்று விற்பதில் பலவும் கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயம் கலந்தவை. ஆலைக்காரர்களுக்கு அந்த வாசனை அத்துப்படி. அது இல்லையென்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று முடிவே கட்டிவிடுவார்கள். மோந்து பார்த்தேன். பாகு மட்டுமில்லை, மர வாசனையும் இல்லை. வெறும் ஸ்பிரிட் நெடி. லேபிளில் தங்க எழுத்தில் 'போர்பன்', அதன் கீழே 'ஸ்காட்லாந்தில் தயாரித்தது'.

நான் படித்தது கேட்டரிங். பார் பேப்பரில் அரியர் விழுந்ததால் இரண்டு தடவை படித்தவன்.

"சித்தப்பா, இது டூப்பு."

"வந்துட்டாருடா வாத்தியாரு! இன்னாடா டூப்பு?"

"ஸ்காட்லாந்துல செஞ்சா அது ஸ்காட்ச். மூணு வருசமாச்சும் ஓக் பீப்பாயில கெடக்கணும். ஒரே ஆலையில வெறும் பார்லி மால்ட்ல வடிச்சா சிங்கிள் மால்ட். மத்த தானிய விஸ்கியோட கலந்தா பிளெண்டட். போர்பன் அமெரிக்காக்காரன்து, பாதிக்கு மேல மக்காச்சோளம், உள்ள கரிச்ச புது பீப்பாய். கோதும மாதிரி ரைன்னு ஒரு தானியம், அதுல ரை விஸ்கி. அயர்லாந்துக்காரன் முக்காவாசி மூணு வாட்டி வடிப்பான். ஸ்காட்லாந்து போர்பன்னு ஒண்ணு உலகத்துலயே கெடையாது. எங்க வாங்குன?"

சித்தப்பா முகம் மாறியது. "தெரிஞ்ச பையன்டா... பாண்டிலேர்ந்து வந்துதுன்னான்."

"சீல் இருந்துச்சா?"

சித்தப்பா திருகிப்போட்ட மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் ஊற்றிய கிளாஸோடு நின்றவர்கள் வாய் வைக்காமலே ஒவ்வொருவராகக் கீழே வைத்தார்கள். உள்ளே மெத்தனால் இருந்தால் முதலில் கண்தான் போகும் என்று, கள்ளச்சாராயத்தில் அத்தனை பேர் செத்த எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

"மாமா, கெளம்பு. ஆஸ்பத்திரி."

"நல்லாதான்டா கீறேன். பாப்பாவ மடியில வச்சி காது குத்தாம எந்திரிச்சா எங்கக்கா மானம் இன்னா ஆவறது?"

"மெத்தனாலா இருந்தா உடனே தெரியாது மாமா. மெதுவாத்தான் காட்டும்."

"குத்திட்டு வரேன். வாய மூடிக்கினு நில்லு."

ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை வீறிட்டது. மாமா அவளை இறுக்கிப் பிடித்திருந்தார், நான் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது காது முடிந்த நொடியில் சித்தப்பாவே அவரைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினார். கள்ளக்குறிச்சி வரும் வரை ஒவ்வொரு கடை போர்டாகக் காட்டிப் படிக்கச் சொன்னேன். பாதி வழியில் ஒரு போர்டுக்குக் கண்ணைச் சுருக்கினார்.

"வெயிலுடா," என்றார்.

டாக்டரிடம் பாட்டிலைக் கொடுத்தோம். ரத்தம் எடுத்தார்கள். சித்தப்பா வராந்தாவில் நிற்கிறார். நான் பெஞ்சில் உட்கார்ந்து இதை டைப் அடிக்கிறேன்.

மணி நாலே கால். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.