கல்லுமேட்டுக் கட்டு

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ரெக்கார்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தாவது படித்துவிட்டுத் துடைப்பத்தோடு உள்ளே நுழைந்தவள், இருபத்தெட்டு வருஷத்தில் ஆவண அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். எந்த நோயாளியின் பழைய சீட்டைக் கேட்டாலும், டீ ஆறுவதற்குள் மேஜைக்கு வந்துவிடும். "வச்சவன் எப்படி யோசிச்சான்னு புரிஞ்சா போதும் டாக்டர், காகிதம் தானா கையை நீட்டும்" என்பாள். பெரிய டாக்டர்களே அவளிடம் குரலைத் தணித்துத்தான் பேசுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு ஊரில் வேறொரு பட்டம் இருந்தது: ஓடிப்போனவன் வீட்டுப் பொண்ணு.

ஓடிப்போனவன் என்று பேர் வாங்கியவர் அவளுடைய பெரியப்பா. பெரிய வீட்டு நிலத்தைக் குத்தகைக்கு உழுத குடும்பங்களிலிருந்து யுத்தத்துக்குப் போனவர்கள் பன்னிரண்டு பேர். சிலர் திரும்பினார்கள், சிலர் செத்த சேதி வந்தது. பெரியப்பாவிடமிருந்து மட்டும் மூன்று கடிதம் வந்தது, அப்புறம் பேச்சுமூச்சில்லை. பட்டாளத்தை விட்டு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவுகட்டியது. யுத்தத்துக்குப் போனவர்களுக்காக வைத்த நினைவுக்கல்லில் பதினோரு பேரைத்தான் பொறித்தார்கள். இப்போது அந்தக் கல் விரிசல் விட்டு, புதுக்கல் தயாராகிறது. திங்கட்கிழமை உளி விழும். அதற்குள் ஆதாரம் சிக்கினால் பன்னிரண்டு. சிக்காவிட்டால், அந்தக் கல் இருக்கும்வரை பதினொன்று.

பெரிய வீட்டு மருமகள் தன் குடும்பத்துப் பழைய கடிதங்களை நூலகத்துக்குக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டதும், ரெக்கார்டு அக்கா நேராகப் போய் நின்றாள்.

"நான் பிரிச்சு அடுக்கித் தரேம்மா. கூலி ஒண்ணும் வேண்டாம். கல்லு செதுக்கறதுக்குள்ள எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துடணும், அவ்வளவுதான்."

"தாராளமா பாருங்க. ஆனா எங்க மாமனாரே தேடிப் பாத்தாராம். ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னாரு."

"அவர் தேடினாரும்மா. நான் இன்னும் தேடலையே!"

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் ஐந்து தகரப் பெட்டிகளும் கூடத்துக்கு வந்தன.

அந்தக் காலத்தில் குத்தகைக்காரர்களின் தபாலெல்லாம் பெரிய வீட்டுக்குத்தான் வரும். காரியஸ்தர் வாங்கிவைத்து, கேட்டு வருகிறவர்களுக்குப் படித்துக்காட்டுவார். அவளுடைய தாத்தாவும் வாரம் தவறாமல் நொண்டிக்கொண்டே வந்து கேட்டிருக்கிறார். வாரம் தவறாமல் அதே பதில்: உங்களுக்கு ஒன்றும் இல்லை.

முதல் பெட்டியைத் திறந்ததுமே அவளுக்குப் புருவம் உயர்ந்தது. கட்டுகளின் மேல் ஆள் பேரே இல்லை. ஓடைக்கரை, தோப்படி, கல்லுமேடு என்று வயல்களின் பேர்தான். ஓடைக்கரை அவர்கள் உழுத வயல். அந்தக் கட்டை ஆசையாகப் பிரித்தாள். விதைநெல் கேட்ட சீட்டுகள் நாலைந்து, அவ்வளவே.

பையிலிருந்து பெரியப்பாவின் பழைய கடிதங்களை எடுத்தாள். உறையைத் திருப்பினாள். 'கல்லுமேட்டு வயல் குத்தகைக்காரருக்கு' என்றிருந்தது.

"அட!" என்று தொடையில் தட்டினாள். "எங்களுக்கு ஓடைக்கரை அப்புறமாதானே வந்துச்சு!"

மூத்த பிள்ளை போனபின் கல்லுமேட்டைத் தனியாக உழ முடியாமல் தாத்தா சின்ன வயலுக்கு மாறியிருக்கிறார். கல்லுமேடு ஒரு வெளியூர்க்காரருக்குப் போனது. அவர் அறுப்புக்கு மட்டும் வருவார், தபால் கேட்டு ஒருநாளும் வந்ததில்லை. அதே வருஷம் காரியஸ்தரும் புதுசு. அவருக்கு ஆளைத் தெரியாது, வயலைத்தான் தெரியும். தாத்தா கேட்கும்போதெல்லாம் ஓடைக்கரைக் கட்டைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

கல்லுமேட்டுக் கட்டில் பிரிக்காத கடிதங்கள் ஆறு இருந்தன. அனுப்பியவர் இடத்தில் பட்டாள எண் மட்டும். கையிலிருந்த உறையோடு ஒத்துப்பார்த்தாள். இலக்கத்துக்கு இலக்கம் அதேதான். அடியில் அரசு முத்திரையோடு ஒரு தடித்த உறை.

"உங்க வீட்டுக் கடுதாசி. நீங்களே பிரிங்க" என்று அந்த அம்மாள் கத்தரிக்கோலை நீட்டினாள்.

தேதி வரிசையில் ஐந்தாவது கடிதத்தில் இருந்தது: 'அப்பா, நாலு கடிதம் போட்டும் பதில் இல்லை. சொல்லாமல் கிளம்பினேன் என்ற கோபம் இன்னும் ஆறவில்லையா? மழைக்கு முன்னால் கல்லுமேட்டு மடையைக் கெட்டிப்படுத்திவிடுங்கள்.'

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். தடித்த உறையில், போர்முனை மருத்துவமனையில் அவர் இறந்த தேதி இருந்தது.

"எங்க வீட்டுத் தப்பு இது" என்றாள் அந்த அம்மாள்.

"யார் தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம்மா. முதல்ல கல்தச்சருக்கு ஒரு போன் போடுங்க."

திங்கட்கிழமை காலை, பட்டறையில் கல்தச்சர் அந்த அரசுத் தாளைப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"கடைசியில ஒரு வரி சேத்துடறேங்க்கா. அடியில இடம் இருக்கு."

"கடைசியில எதுக்கு? பட்டாளத்துல சேந்த தேதிப்படிதானே வரிசை? இவர் மூணாவது ஆளு."

"ஒன்பது பேரைக் கீழ தள்ளணுமே!"

"எங்க பெரியப்பா இத்தனை வருஷமா வெளியிலயே நின்னாரு. அவங்க ஒரு வரி தள்ளி நிக்கட்டும், ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க."

கல்தச்சர் ஈரத்துணியை எடுத்துச் சுண்ணக்கட்டிக் கோடுகளை அழித்தார். மூன்றாவது வரியில் பெரியப்பாவின் பேரை வரைந்து முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். ஆவண அறையைத் திறக்க அன்று அரைமணி நேரம் தாமதம். ஏன் என்று ஒரு டாக்டரும் கேட்கவில்லை.