என் மனைவி எழுதிய பேய்க்கதை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப்பிழையும் நிறைய வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவும் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஆடி மாதம், ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் நடந்தது இது. நான் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன். மனைவி தையல் கம்பெனிக்குப் போகிறாள். பேய்க்கதை என்றால் அவளுக்கு உயிர். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் தானே எழுதி, கதை ஆப்பில் போடுவாள். கூட வேலை செய்யும் பெண்கள் எல்லாம் படிப்பார்கள். ஆனால் முதலில் எனக்குத்தான் படித்துக் காட்டுவாள். நான் பயந்தால்தான் கதை தேறுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குக் களியும் கீரைக் கடைசலும் போட்டுவிட்டு, புதுக்கதையைப் படிக்க ஆரம்பித்தாள். கர்நாடக எல்லைப் பக்கம் மூடிக்கிடக்கும் மனநோயாளிகள் இல்லம் ஒன்று இருக்கிறது. கூரை விழுந்துவிட்டது. இளவட்டங்கள் போய் வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அதைப் பார்த்து எழுதியிருந்தாள். கைகளைச் சுவரோடு சங்கிலியில் கட்டிவைத்ததில் செத்துப்போன ஒருவன், பேயாக வந்து வழிப்போக்கர்களின் கழுத்தைக் கடிக்கிறான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"கையில இல்லம்மா, கால்ல. கையக் கட்டிட்டா எப்பிடிச் சாப்புடறது?" என்று சொல்லிவிட்டேன்.

"ஏன்யா, அந்தப் பேயி உனக்கு மாமனா மச்சானா? கூட இருந்தவனாட்டம் பேசற!" என்று சிரித்தாள்.

வழக்கமாக நானும் சிரிப்பேன். அன்று முடியவில்லை. உருட்டிய களி கையிலேயே இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். சாப்பிட உட்கார்ந்தால் நான் எப்போதும் இடது காலை நீட்டித்தான் உட்காருவேன். மடக்கினால் சோறு இறங்காது. கல்யாணமான நாளிலிருந்து அதற்காக என்னைக் கேலி செய்பவள் அவள்.

"எடது காலா?" என்றாள் மெதுவாக.

தலையை ஆட்டினேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்தொன்பது வயதில் அப்பா இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போனது, பேச்சும் நின்றது. மாமா அந்த இல்லத்தில் கொண்டுபோய் விட்டார். எட்டு மாதம் இருந்தேன். ஒரே நீளச் சங்கிலியில் எல்லோருடைய இடது காலும் வரிசையாக இருக்கும். "ஊட்டா" என்று கன்னடத்தில் சாப்பாட்டுக்குக் குரல் கேட்டதும் அத்தனை பேரும் காலை நீட்டி உட்காருவோம். ஒருவர் மடக்கினால் பக்கத்தில் இருப்பவருக்கு இழுத்து வலிக்கும். தெரிந்தால் விட்டுப் போய்விடுவாள் என்று பயந்து, பெண் பார்த்த அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம் இதை மறைத்திருந்தேன்.

அவள் எழுந்து வெளியே போனாள். குழாயடியில் செல்போனோடு உட்கார்ந்தாள். அவள் அண்ணனைத்தான் கூப்பிடுகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்துக் கண் சிவக்க உள்ளே வந்தாள்.

"எங்கிட்டக்கூடச் சொல்லத் தோணலியா?"

"நீ போயிடுவியோன்னு…"

"போறவளா இருந்தா, நீ கொறட்ட விட்ட மொத நாளே போயிருப்பேன்" என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "உம் பக்கத்துல கட்டியிருந்தது யாரு?" என்று கேட்டாள்.

கன்னடக்காரர் ஒருவர். நான் புரண்டு படுத்தால் இழுக்கக்கூடாதென்று, தன் காலை என் பக்கமே தள்ளி வைத்துக்கொண்டு தூங்குவார். இன்று இருக்கிறாரோ இல்லையோ தெரியாது.

குழாயடியில் அவள் அண்ணனைக் கூப்பிடவில்லை; கதையில் கழுத்தைக் கடிக்கும் இடத்தைத்தான் அழித்திருக்கிறாள். மீதியை அன்று சாயங்காலம் எழுதினாள். இப்போது அந்தப் பேய் யாரையும் கடிப்பதில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "ஊட்டா ஆயித்தா?" என்று, சாப்பிட்டாயா என்று கேட்கிறது. "பேயாடி இது? எங்க சித்தப்பனாட்டம் இருக்குது" என்று தையல் கம்பெனியில் கிண்டல் செய்தார்களாம். ஒரு வரிகூட மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இருபத்திரண்டு வருடம் நான் பயந்தது, கூடவே இருந்தவளை நான் சரியாகத் தெரிந்துகொள்ளாததால்தான் என்று இப்போது நினைக்கும்போது வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

எழுதி முடித்தது: கார்த்திகை பத்து, ஞாயிற்றுக்கிழமை.