ஒழுங்கைக்குள் போகாத மெசின்

எங்கள் ஐயாவுக்கு அளக்கத் தெரியாது என்று நெடுந்தீவு முழுக்க நம்பியது. முதலில் நம்பியவள் அவருடைய மகள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு கண்ணுக்குப் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள்.

உலக யுத்தம் முடிந்து வந்த மாரி அது. விமானங்கள் இறங்குவதற்கென்று பட்டாளம் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய வெளி வைத்திருந்தது. அங்கே புல்லு வெட்டக் கப்பலில் வந்த டிராக்டர் என்கிற சின்ன உழவு மெசின்கள் சில, பெட்டி உடைக்காமலே கிடக்கின்றனவாம், விற்கப் போகிறார்களாம் என்று யாரோ துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஐயாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவருடைய ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. மாரியில் எங்கள் தீவில் புல் முழங்காலுக்கு மேல் நிற்கும். கோடையில் சோளகக் காற்று எழும்பிவிட்டால் பச்சை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. முந்தின கோடையில் எங்கள் பட்டியில் மாடுகள் எழும்ப மாட்டாமல் படுத்து, படுத்த இடத்திலேயே செத்ததை நான் பார்த்திருக்கிறேன். அரிவாளால் வெட்டி எத்தனை மாட்டுக்குச் சேர்ப்பது? புல்லு பழுக்க முன்னம் மெசினால் வெட்டிக் காயப்போட்டுப் போர் வைத்துவிட்டால் கோடையைத் தாண்டிவிடலாம் என்றார் ஐயா. அதற்காக இருந்த மாட்டில் பாதியை விற்றார்.

"கண்டறியாத மெசின்" என்றா அம்மா. "மாட்டைக் காப்பாத்த மாட்டை விக்கிற மனுசனை நான் இஞ்சைதான் காணுறன்."

"உமக்கு விளங்காது, சும்மா இரும்" என்றார் ஐயா.

எங்கள் வளவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. எங்கள் வீட்டுக்கு வர ஒரேயொரு ஒழுங்கைதான். ஒரு பக்கம் கோயில் மதில், மறுபக்கம் வேறு ஆட்களின் மதில், இரண்டும் கடலில் எடுத்த முருகைக்கல். ஒரு மாடு தாராளமாக வரும். இரண்டு மாடு வந்தால் ஒன்று நிற்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் புல்லுக்காணி. அதற்கு நடுவிலும் ஒரு மதில் ஓடியது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஐயாவின் தமையன், எங்கள் பெரியையா. அவருடைய படலை துறைமுகத்து றோட்டைப் பார்த்தபடி அகலமாக இருந்தது. வண்டில் போகும், தேர் விட்டாலும் போகும். ஆனால் அந்தப் படலையை நாங்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

பேரன், அதாவது ஐயாவின் தகப்பன், செத்துக் காணி பிரித்தபோது அந்த நடு மதிலை எங்கே வைப்பது என்று அண்ணனும் தம்பியும் வாய்த்தர்க்கப்பட்டு, வாய் கைக்கு வந்து, கை கல்லை எடுத்திருக்கிறது. ஐயாவின் இடது புருவத்துக்கு மேல் ஒரு வடு இருந்தது. எறிந்தது பெரியையாதான் என்று அம்மா சொல்வா. ஐயா ஒருநாளும் சொன்னதில்லை. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. பெரியையாவின் மகள் மதிலுக்கு மேலால் எனக்கு விளாம்பழம் எறிவாள். அதற்கே எனக்கு அடி விழுந்திருக்கிறது.

என்னுடைய கண்நோவை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருந்ததால் ஐயா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். புறப்படுகிற காலையில் அவர் ஒரு பூவரசந்தடியை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போனார். ஆக ஒடுங்கின இடத்தில் இரண்டு மதிலுக்கும் குறுக்கே தடியைப் பிடித்துப் பார்த்து, கத்தியால் ஒரு வெட்டு அடையாளம் வைத்தார். "என்னத்துக்கு ஐயா?" என்றேன். "போற இடத்திலை தேவைப்படும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிவிட்டார்கள். பிறகு ஐயாவும் நானும் பட்டாளத்து வெளிக்குப் போனோம். அங்கே கடைசியாக இரண்டு மெசின்கள் நின்றன. இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. ஒன்று சின்னது, மற்றது அதைவிடக் கொஞ்சம் பெரியது. இரண்டுக்கும் பக்கவாட்டில் பல்லுப் பல்லாய் ஒரு நீண்ட வாள், வேண்டியபோது நிமிர்த்தி வைக்கலாம். ஐயா தடியை எடுத்துச் சின்ன மெசினின் சில்லுச் சக்கரங்களுக்குக் குறுக்கே பிடித்தார். வெட்டு அடையாளத்துக்கு உள்ளே அடங்கியது. பெரியதற்குப் பிடித்தார். மெசின் வெட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே நின்றது. ஐயா கொஞ்ச நேரம் தடியைப் பார்த்தார். பிறகு பெரியதைக் காட்டி, "இது" என்றார்.

அது ஒழுங்கைக்குள் போகாது! அவருக்குத் தெரியவில்லையா, அல்லது ஒற்றைக் கண்ணால் பார்த்த எனக்குத்தான் பிழைத்ததா? பட்டாளத்து மனிதர்கள் முன்னால் தகப்பனுக்கு அளவு சொல்லிக்கொடுக்கிற பெட்டை என்று பேர் எடுக்க எனக்கு என்ன விசரா? ஐயா தடியை முறித்து வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, ஒரு மெக்கானிக்கிடம் கையாலும் காலாலும் கதைத்து மெசின் ஓட்டப் பழகினார்.

காரைநகர்த் துறை வரை லொறி, பிறகு சாமான் ஏற்றும் வள்ளம். வள்ளம் ஒரு பக்கமாகச் சரிந்த ஒவ்வொரு முறையும் ஐயா மெசினைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். அவர் மெசின் விழக்கூடாது என்று கேட்டிருப்பார். நான் விழுந்தால் நல்லது என்று கேட்டேன். பாதிப் பட்டியை விற்று வாங்கின மெசின் ஒழுங்கை வாசலில் சிக்கி நிற்க, ஊர் கூடி நின்று பிராக்குப் பார்க்க, அம்மா தலையில் அடித்துக் கத்தப் போகிற காட்சி கட்டின கண்ணுக்குள்ளும் தெரிந்தது.

எல்லாம் அப்படியே நடந்தது. ஊர்ச்சனம் பின்னால் வர ஐயா மெசினை றோட்டில் ஓட்டிவந்து ஒழுங்கை வாசலில் நிறுத்தினார். சில்லு இரண்டு மதிலையும் முட்டியது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"அளக்காமல் வாங்கி வந்திருக்கிறியளே! இனி இதை என்ன, தலையிலை தூக்கி வைக்கிறதோ?" அம்மா அழுதேவிட்டா.

ஐயா மெசினைப் பின்னுக்கு எடுத்து, றோட்டோரமாக விட்டார். விட்ட இடம் பெரியையாவின் படலைக்கு நேர் எதிர்ப்பக்கம். பிறகு சில்லோடு சாய்ந்து குந்தியிருந்து சுருட்டைப் பற்றவைத்தார்.

அன்றும் இருந்தார், அடுத்த நாளும் இருந்தார். வீட்டுக்கு வரவில்லை. புல்லு பழுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் சில நாள் போனால் வெட்டியும் பயனில்லை என்று அம்மா புலம்பினா. ஐயாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. ஒவ்வொரு முறையும் பெரியையாவின் படலையைப் பார்த்தபடி, ஓடிப்போய் ஓடிவருவேன். அவர் வந்து, "ஆரின்ரை வாசலிலை இரும்பைப் போட்டிருக்கிறாய்?" என்று கேட்டால்? றோட்டோரம் முழுக்கக் கல்லுத்தான். ஆளுக்கொன்று எடுக்க எவ்வளவு நேரம் செல்லும்?

இரண்டாம் நாள் மத்தியானம் படலை திறந்தது. பெரியையா வெளியே வந்தார். ஐயாவைவிட உயரம், தோளில் சால்வை. ஐயா எழுந்து சுருட்டைக் கீழே போட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் சோற்றுப் பெட்டியோடு நான்.

பெரியையா ஐயாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, கொப்பரிட்டைச் சொல்லு. உப்புக் காத்திலை விட்டால் இரும்பு கறள் பிடிக்கும்."

ஐயா கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் திரும்பி, "ஐயா, கறள் பிடிக்குமாம்" என்றேன்.

"பெரியையாட்டைச் சொல்லு, ஒழுங்கையுக்கை போகாது எண்டு."

சொன்னேன்.

"வாங்கேக்கை அளக்கேல்லையோ எண்டு கேள்."

அளந்ததை நான் கண்டிருக்கிறேன். அந்த வெட்டு அடையாளத்தைக் கண்டிருக்கிறேன். ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்த பெடியன் போல நின்றார்.

"சொல்லு, அளக்கேல்லை எண்டு. எனக்கு அந்த யோசினை வரேல்லை எண்டு சொல்லு."

எங்கள் ஐயா பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதையும் என் வாயால் சொல்லவைத்தார். "அளக்கேல்லையாம்" என்றேன்.

பெரியையா வானத்தைப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "உவன் சின்னனிலையிருந்து உப்பிடித்தான்! நான் பக்கத்திலை நில்லாட்டில் உவனுக்கு ஒரு வேலையும் ஒழுங்காய் ஏலாது."

அவர் படலையின் இரண்டு கதவையும் அகலத் திறந்து பிடித்தார்.

மெசின் பெரியையாவின் வளவுக்குள்ளால் போய் நடு மதிலில் நின்றது. அதைப் பிரிக்க வேண்டும். பெரியையா குனிந்து முதல் கல்லைத் தூக்கினார். மதிலுக்கு எங்கள் பக்கத்தில் நின்ற அம்மா, "ஐயோ முருகா" என்று என்னை இழுத்து அணைத்தா. நான் ஐயாவின் புருவத்தைப் பார்த்தேன். பெரியையா கல்லைக் கொண்டுபோய் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினார். ஐயா மற்றக் கரையிலிருந்து தூக்கத் தொடங்கினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பொழுதுபடும் வரை கல்லுச் சுமந்தார்கள்.

அடுத்த நாள் காலை மெசின் வாளைப் பதித்துக்கொண்டு எங்கள் காணிக்குள் இறங்கியது. அதன் சத்தத்துக்குத் தீவு வெளியில் தன்பாட்டில் திரியும் குதிரைகள் வெருண்டோடின. புல் வரிசை வரிசையாகச் சாய்ந்தது. நான் பச்சை வாசத்தில் கொஞ்சம் பயம் தெளிந்து நின்றபோதுதான் பெரியையா ஓடினார். சால்வை விழுந்ததையும் பாராமல் ஓடிப் போய், மெசினுக்கு நேர் முன்னால் இரண்டு கையையும் உயர்த்தி நின்றார்.

ஐயா வருகிறார், வாள் வருகிறது, வேகம் குறையவில்லை. எனக்கு அந்த வடு மட்டும்தான் நினைவுக்கு வந்தது. ஐயா நிற்பாட்ட மாட்டாரோ? நான் கண்ணை மூடிவிட்டேன்.

"தம்பி! நிப்பாட்டடா தம்பி!"

சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தேன். பெரியையாவின் காலுக்குப் பக்கத்தில் புல் அசைந்து, உள்ளேயிருந்து ஒரு பசுக்கன்று நடுங்கி நடுங்கி எழும்பியது. பிறந்து ஒருநாள் இருக்காது. வாளின் பல்லுக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்தான்.

"பசுக்கண்டு கிடக்குது, தெரியேல்லையே?" பெரியையாவுக்கு மூச்சு வாங்கியது. இந்த முறை என்னிடம் சொல்லி அனுப்பவில்லை.

"தெரியேல்லை, அண்ணை" என்றார் ஐயா. இறங்கிவந்து சால்வையை எடுத்துத் தட்டிக் கொடுத்தார்.

அந்தக் கோடையில் இரண்டு பட்டியிலும் மாடு சாகவில்லை. புல்லு வெட்டி முடிந்ததும் அம்மா மதிலை அடைக்கச் சொன்னா. "மெசினுக்கு வழி வேணும்" என்றார் ஐயா. சில மாரியோடு மெசின் பழுதாகி, சாமான் கிடைக்காமல் பூவரசுக்குக் கீழே கறள்பிடித்து நின்றது; அதில் கோழி அடைகாத்தது. அப்போதும் கேட்டால் மெசினுக்கு வழி வேணும் என்றுதான் சொன்னார். அந்த இடைவெளியால் பெரியையாவின் மகளும் நானும் கல்யாணம் கட்டிப் போகும் வரை வந்துபோனோம்.

நான் மட்டும் வெகுகாலம் ஐயாவை நினைத்துக் கவலைப்பட்டேன். தடியில் வெட்டு வைக்கத் தெரிந்த மனிதருக்கு அதைப் பார்த்து வாங்கத் தெரியவில்லையே, பாவம் என்று. அந்தத் தடியை அவர் ஏன் முறித்து எறிந்தார் என்று யோசிக்கிற வயது எனக்கு வர இன்னும் எத்தனையோ மாரி செல்ல வேண்டியிருந்தது.

ஐயாவின் செத்தவீட்டில் பெரியையா கதிரையில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொப்பருக்கு ஒண்டும் அளக்கத் தெரியாது, பிள்ளை. நான் இல்லாட்டில் என்ன செய்திருப்பான்?"

"ஓம் பெரியையா" என்றேன். "தெரியாதுதான்."